டிரசர் வாலண்டைன் யாரையும் வேலைக்கு அனுப்பாத மாதங்கள்

கிள்ளானிலிருந்து பண்டமாரான் போகிற பாதையில் அந்த நாளில் ஒரு ரப்பர் தோட்டம் இருந்தது. அதன் ஆஸ்பத்திரியில் நாற்பது கட்டில். மழைக்காலத்தில் காய்ச்சல்காரர்கள் நூறு பேர். டாக்டர் வெள்ளைக்காரர், வியாழக்கிழமை மட்டும் காரில் வருவார். மற்ற ஆறு நாளும் மருந்து கலக்குவது, புண் கட்டுவது, பிரசவம் பார்ப்பது, செத்தவர் பேரை எழுதுவது எல்லாம் டாக்டரின் உதவியாளான டிரசர் வாலண்டைன். டாக்டருக்குப் படிப்பு இருந்தது, நோயாளி இல்லை. டிரசருக்கு நோயாளிகள் இருந்தார்கள், படிப்பு மூன்று வருஷம்தான். இந்த ஏற்பாட்டில் நோயாளிகளைத் தவிர யாருக்கும் குறை தெரியவில்லை. நோயாளிகளை யாரும் கேட்கவில்லை.

விடியுமுன் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லாரும் வரிசையாக நிற்க வேண்டும். ஆளுக்கு ஒரு கிளாஸ் காய்ச்சல் மருந்து, கொய்னாத் தண்ணீர். கசப்பு தாங்காமல் அதை வாயிலேயே அடக்கிக்கொண்டு போய்க் குடியிருப்பு லயத்துக்குப் பின்னால் துப்புவதில் பாதிப் பேர் தேர்ந்தவர்கள். வாலண்டைன் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். குடித்ததும் அவரவர் பேரை உரக்கச் சொல்ல வேண்டும். வாய் நிறைய மருந்தை வைத்துக்கொண்டு எவனால் பேர் சொல்ல முடியும்? டாக்டரே மெச்சினார். பேர் சொன்னவர் வேலைக்கு, காய்ச்சல் கண்டவர் ஆஸ்பத்திரிக்கு. யார் எங்கே என்று தீர்மானிப்பதும் வாலண்டைன்தான். ஓர் ஆளுக்கு அரை நிமிஷம்.

1926 ஐப்பசியில் ஒரு காலை, மாரியாயி என்ற பால் வெட்டுகிற பெண் குடித்துவிட்டுப் பேர் சொல்லவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைவாயில் கொஞ்சம் வழிந்தது.

"பேரு?"

கிளாஸை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார்.

"துப்புறதுக்கு வச்சிருக்கியா? முழுங்கிட்டுப் பேரைச் சொல்லு."

"புருஷன் பேரைத்தான் சொல்லக் கூடாது. இவ சொந்தப் பேரையும் சொல்ல மாட்டா போல," என்றாள் பின்னால் நின்றவள். வரிசை சிரித்தது. வாலண்டைனும் சிரித்தார்.

"நாடகம் போதும். போ, வேலைக்குப் போ."

போனாள். பத்து மணிக்கு மரத்தடியில் விழுந்தவளை நாலு பேர் கம்பளியில் தூக்கி வந்தார்கள். கொய்னாவை அவள் எப்போதோ விழுங்கியிருந்தாள். காய்ச்சல் மூளைக்கு ஏறி நாக்கைக் கட்டியிருந்தது. சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்தது. டாக்டர் வியாழக்கிழமை வந்து மலேரியா என்று எழுதினார். அது பொய்யில்லை.

அதற்குப் பிறகு, கடைசி ஆள் பேர் சொல்லிப் போன பின்னும் வாலண்டைன் இன்னொரு கிளாஸை ஊற்றி நீட்டிக்கொண்டு நிற்பார். எதிரே வெறும் களிமண். கணக்கெழுதும் கிராணி இருமினால்தான் கையை இறக்குவார். பேய் என்று அவர் சொல்லவில்லை. கத்தோலிக்கர், வைத்தியம் படித்தவர், இரண்டு வகையிலும் பேய்க்கு இடமில்லை. "நிக்கிறா. அவ்வளவுதான்," என்று ஆஸ்பத்திரியைக் கூட்டிப் பெருக்கும் கன்னையாவிடம் மட்டும் ஒருமுறை சொன்னார்.

மனைவி கெர்ட்ரூட் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வேயில் இருந்த தன் அப்பா வீட்டில் இருந்தார். மாதம் ஒரு ஞாயிறு இவர் போவார். ஒரு ஞாயிறு கெர்ட்ரூட் காபியைக் குடித்துவிட்டு நிமிர்ந்தால் கணவர் தன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்னங்க?"

"பேரைச் சொல்லு."

"ஆறு வருஷம் குடும்பம் நடத்திட்டு இப்பத்தான் கேக்கத் தோணிச்சா?"

சிரித்தார். கணவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் மெதுவாக, "கெர்ட்ரூட்," என்றார். அதன் பிறகுதான் வாலண்டைன் தன் காபியை எடுத்தார்.

இதைவிடப் பெரிய கோளாறு தோட்டத்தில் நடந்தது. யாரையும் வேலைக்குப் போ என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. இருமினால் கட்டில். பேர் சொல்லத் தயங்கினால் கட்டில். லயத்து ஆட்கள் ஒரே வாரத்தில் தயங்கப் பழகிக்கொண்டார்கள். நல்ல திடகாத்திரமானவர்கள் கட்டிலில் உட்கார்ந்து சீட்டாடினார்கள். பிரசவக் காய்ச்சலோடு வந்த வள்ளியம்மாவுக்கு வராந்தாத் தரைதான் கிடைத்தது. சாரல் அவள் மேல் அடித்தது. ஒருத்தியைக் கொன்ற பயத்தில் இன்னொருத்தியைக் கொன்றுகொண்டிருக்கிறோம் என்று வாலண்டைனுக்கு நன்றாகத் தெரிந்தது. ஒவ்வொரு கட்டிலாகப் போய் நின்றார். யாரையும் எழுப்பாமலே நகர்ந்தார்.

கன்னையா வாளியைக் கீழே வைத்தார்.

"எழும்புங்கடா! உங்க காய்ச்சல் சீட்டுக்கட்டுலதான் இருக்கு. எழும்பு, எழும்பு. ஐயா சொல்றாரு!"

ஐயா எதுவும் சொல்லவில்லை. பதினாறு கட்டில் காலியானது. வள்ளியம்மா பிழைத்தாள்.

அன்று முதல் எங்கும் எழுதப்படாத ஓர் ஏற்பாடு. பெரட்டில் வாலண்டைன் நாடி பார்ப்பார், இமையை விலக்குவார், வயிற்றை அழுத்துவார், பிறகு கன்னையாவைப் பார்ப்பார். கன்னையா "போ" என்பார், அல்லது "கட்டில்" என்பார். கையெழுத்துப் போடத் தெரியாதவர்தான். ஆனால் பெரும்பாலும் சரியாகவே சொன்னார். காரணம் எளிது. அவருக்கு நல்ல தூக்கம் வந்தது.

தை மாதம் விஜயன் என்ற களை வெட்டுகிறவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். முந்தின நாள் சம்பள நாள். குடித்திருப்பான் என்று கன்னையா "போ" என்றார். மூன்றாம் நாள் விஜயன் செத்தான். உடம்பைக் கழுவியதும் கன்னையாதான், அது அவர் வேலை.

மறுநாள் அவர் பெரட்டுக்கு வரவில்லை. வாலண்டைன் தேடிப் போனபோது கிணற்றடியில் வாளியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பளபளத்த வாளி.

"ஐயா, நீங்க படிச்சவரு. சோறு இறங்கல. கண்ணை மூடினா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். இது எத்தனை நாளைக்கு இருக்கும்?"

ஒரு மாசம் என்று சொல்லிவிடலாமா என்று வாலண்டைன் யோசித்தார். "எனக்கு இன்னும் போகல, கன்னையா."

"அப்ப இது எனக்கு வேணாம்யா. வாளி தூக்குறேன், பொணம் தூக்குறேன். இது மட்டும் வேணாம்."

"உனக்குக் கொடுத்ததே தப்பு. நீ போய்ப் படு."

களத்தில் வரிசை காத்திருந்தது. முதல் ஆள் கொய்னாவைக் குடித்து முகத்தைச் சுளித்துப் பேரைச் சொன்னான். வாலண்டைன் நாடி பார்த்தார், இமையை விலக்கினார், வயிற்றை அழுத்தினார். நல்ல உடம்பு. மறுபடி பார்த்தார். அப்போதும் நல்ல உடம்புதான். திரும்பிக் கேட்கப் பக்கத்தில் ஆள் இல்லை.

"போ," என்றார். "வேலைக்குப் போ."

எதிரே நின்றவனுக்கே கேட்கவில்லை. அவன், "என்னங்கய்யா?" என்றான். இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியிருந்தது.