பானெட்டில் வைத்த குங்குமம்

எழுபத்தெட்டோ ஒன்பதோ, திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜில் சாவி கொடுக்கும் வேலை எனக்கு. பின்புறக் கொட்டகையில் முதலாளியின் பழைய அமெரிக்கக் கார் நின்றது. எட்டு சிலிண்டர். கிளப்பினால் மாடி ஜன்னல்கள் அதிரும். கம்பெனியில் அடித்த நீலப் பெயிண்ட் அப்படியே இருந்தது.

அதைப் பார்த்துக்கொண்ட டிரைவர் ஒல்லியானவர், நரைத்த மீசைக்காரர். காரைத் தொடும் முன் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். "புதுசா பெயிண்ட் அடிச்சுடலாம்யா" என்று முதலாளி சொல்லும்போதெல்லாம், "இதுவே நல்லாத்தானே இருக்குதுங்க" என்று தள்ளிப்போடுவார்.

ஆயுத பூஜையன்று அவர் டீ குடிக்கப் போயிருந்தபோது, மற்ற வண்டிகளுக்கு வைத்ததுபோல் அதன் பானெட்டிலும் நான் குங்குமத்தைக் குழைத்து வைத்துவிட்டேன். திரும்பி வந்தவர் பதறிப்போய் ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார். கறை போகவில்லை.

"இன்னாங்க இப்படிப் பண்ணிட்டீங்க! மொதலாளி பாத்தா நாளைக்கே பெயிண்டர்கிட்ட வுட்ருவாரு."

"நான்தான்னு சொல்லிடறேங்க."

"சொன்னா கறை போய்டுமா?"

மதியம் முதலாளி வந்தார். பூஜைக்காகக் கொண்டுவந்த கார் வாசலில், வெயிலில் நின்றது. டிரைவர் கறையின் மேல் உள்ளங்கையை ஊன்றியபடி டயரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். முதலாளி காரை ஒருமுறை சுற்றி வந்தார். நான் கையிலிருந்த சாவிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"சரி, இந்த வருஷமும் இப்படியே ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

டிரைவர் கையை எடுத்தார். உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது. மறு கையால் சட்டைப்பையைத் துழாவி மோதிரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டார். அந்தப் பதற்றத்தில் அதை எப்போது கழற்றினார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.