செக்கிங் அக்கா நெட் எடுத்த கதை

எங்கள் கட்டிடத்தின் தரைத்தளத்துப் பின்வீட்டில் இருப்பவரை எல்லோரும் செக்கிங் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ரெடிமேட் துணி தைக்கும் கம்பெனியில் முப்பது வருஷத்துக்கு மேல் செக்கிங் செக்ஷனில் இருந்தவர். தைத்து வரும் சட்டையைக் கையில் வாங்கியதும் முதல் வேலையாக உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புவார். முன்பக்கத்தை எவனும் நன்றாகத்தான் தைப்பான், லட்சணமெல்லாம் உள்ளேதான் தெரியும் என்பது அவர் கட்சி. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் அந்தக் கைக்கு ஓய்வு கிடையாது. பை வாங்கினாலும் திருப்புவார், தலையணை உறை வாங்கினாலும் திருப்புவார். ஒருமுறை ஆசையாக வாங்கிய சட்டையை அவரிடம் காட்டப் போய், அக்குள் பக்கம் தையல் விட்டிருப்பதைத் தெரிந்துகொண்டு திரும்பினேன். அதன் பிறகு புதுத்துணி எதையும் அவர் கண்ணில் காட்டுவதில்லை.

இன்னொரு பழக்கமும் கம்பெனியிலிருந்து கூடவே வந்தது. யாரோ இஸ்திரிப்பெட்டியை அணைக்காமல் வீட்டுக்குப் போய்விட, ஒரு ஷெட் துணி கரியாகிப் போனதாம். கடைசியாக வெளியேறுகிறவர் எல்லா மேசை சுவிட்சையும் அணைக்க வேண்டும் என்று அதற்குப் பிறகு சட்டம் போட்டார்கள். கடைசியாக வெளியேறுகிறவர் எப்போதும் அக்காதான். வீட்டிலும் அதே கதை. ஃபிரிட்ஜ் ஒன்றைத் தவிர வேலை முடிந்த எதற்கும் அந்த வீட்டில் மின்சாரம் கிடையாது.

நான் எதிர்வீடு. பல் டாக்டர் கிளினிக்கில் காலை நேர ரிசப்ஷன் வேலை. மத்தியானத்துக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. இருக்கிற கொஞ்சமும் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு பேச வருகிறவர்களிடம் தீர்ந்துபோகிறது.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்கள் மறுபடி கேட்டதில்லை. சொந்தம் என்று சொல்ல ஒரே ஒரு அண்ணன், மகளோடு வெளிநாட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். அண்ணனுக்குச் சந்தையில் ஏலம் விடுகிற குரல். ஸ்பீக்கர் போடாமலே என் வீடு வரை கேட்கும். சின்ன வயசில் யார் யாரைக் கிணற்றடியில் தள்ளிவிட்டது என்ற வழக்கை இருவரும் இன்னும் நடத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கே இரண்டு தரப்பு வாதமும் மனப்பாடம்.

போன வருஷம் அண்ணனுக்குத் தொண்டையில் கட்டி. ஆபரேஷனில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. அப்போதும் ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. மகள் எண்ணைப் போட்டு அப்பா கையில் கொடுத்துவிடுவாள். அக்கா கேட்பார், அந்தப் பக்கம் அண்ணன் விரலால் போனைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு தட்டு என்றால் இல்லை.

"சாப்பிட்டியாண்ணா?" டொக்.

"வலி இருக்கா?" டொக், டொக்.

"பொய் சொல்லாத." மெதுவாக ஒரு டொக்.

ஆமாம், இல்லை என்பதை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் பேச முடியும்? கிணற்றடி வழக்கு நின்றுபோனது. அக்கா கேள்விகளை முந்தின நாளே யோசித்து வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். பாதியிலேயே அவையும் தீர்ந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் போனை வாங்கிச் சொன்னாள். "அத்தை, எத்தனை நாளைக்கு இப்படித் தட்டிக்கிட்டே இருக்கறது? வீடியோவுல வாங்க. அப்பா போர்டுல எழுதிக் காட்டுவாங்க. நான் ஒரு டேப்லெட் அனுப்பறேன்."

டேப்லெட் வந்தது. என் போனிலிருந்து நெட்டைப் பகிர்ந்து கூப்பிட்டுப் பார்த்தோம். பின்வீட்டில் சிக்னல் ஒரு கோடு நின்றாலே அதிசயம். அண்ணன் முகம் ஒரு நொடி தெரிந்தது. தெரிந்ததும், வாய் திறந்தபடி அப்படியே உறைந்து நின்றுவிட்டது. அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"ஏய், என்ன ஆச்சு அண்ணனுக்கு?"

"அவருக்கு ஒண்ணும் ஆகலக்கா. நெட்டுதான் நின்னுபோச்சு."

"வீட்டுக்கே லைன் இழுத்துடணும்," என்றார் அக்கா. "மறுபடி அந்த முகத்த அப்படிப் பார்க்க என்னால ஆகாது."

இங்கேதான் எனக்குக் கழுத்தறுப்பு ஆரம்பித்தது. அக்காவுக்கு இன்டர்நெட் என்றால் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. ஆனால் செக்கிங் தெரியுமே!

முதலில் டை கட்டிய ஒருவர் பெரிய கம்பெனியிலிருந்து வந்தார். வழவழவென்று ஒரு தாளை நீட்டினார். அக்கா அதை வாங்கிய வேகத்தில் திருப்பினார். பின்பக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. செக்ஷனில் பயன்படுத்திய பூதக்கண்ணாடி வெளியே வந்தது.

"நூறு ஸ்பீடு இருக்கு, முந்நூறு ஸ்பீடு இருக்கு மேடம்."

"வேகம் எதுக்குப்பா? நான் எங்க ஓடப்போறேன்? ஒரே ஒரு ஆளோட வாரத்துக்கு ஒரு தடவை பேசணும். அதுக்கு என்ன வேணுமோ அதச் சொல்லு."

"இந்த விலைக்கு வேற எங்கயும் கிடைக்காது மேடம்."

"ஆறு மாசத்துக்கு அப்புறம் டபுள்னு பின்னாடி போட்டிருக்கே? சரி, அத விடு. வேணாம்னா எப்படி நிறுத்தறது?"

அவர் சிரித்தார். "என்ன மேடம், கல்யாணத்துக்கு முன்னாடியே விவாகரத்தா?"

"கல்யாணமே வேணாம்னு இருந்தவ நான்," என்றார் அக்கா. இரண்டு வருஷம் கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற வரி பூதக்கண்ணாடிக்குக் கீழே அகப்பட்டது. டை கட்டியவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அடுத்து பழைய டெலிபோன் ஆபீஸ். துணைக்கு நான். மாசக் கட்டணம் குறைவு என்று கேட்டதும் அக்கா முகம் மலர்ந்தது. பெட்டிக்குத் தனி, ஆள் வந்து மாட்டத் தனி, முன்பணம் தனி என்று கவுன்ட்டரில் இருந்தவர் அடுக்கியதும் சுருங்கியது. "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வா போகலாம்," என்று என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

மிச்சமிருந்தது தெருமுனைக் கேபிள்காரர். டிவி லைனோடு நெட்டும் கொடுக்கிறார். அவருடைய லைன் இருக்கும் மாடிவீட்டுக்கு, பிள்ளைகள் எல்லாம் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்திருக்கும் சாயங்கால நேரமாகப் பார்த்து அக்கா போய் உட்கார்ந்தார். அந்தப் பிள்ளைகளிடம் டேப்லெட்டைக் கொடுத்து அங்கிருந்தே அண்ணன் மகளைக் கூப்பிடச் சொன்னார். படம் ஒரு தடவைகூட உறையவில்லை. இறங்கி வந்து கேபிள்காரரைப் பிடித்தார்.

"மழை வந்தா லைன் போகுமா?"

"போகும்மா. நான் வந்து சரிபண்ணுவேன்."

"ராத்திரியில போனா?"

"ராத்திரி வர மாட்டேன். காலையில வருவேன்."

"வேணாம்னா?"

"அந்த மாசக் காசோட முடிஞ்சுது. பெட்டியக் கழட்டிட்டுப் போயிடுவேன்."

குறையை மறைக்காத ஆள் இவன் ஒருவன்தான் என்று அக்கா தீர்ப்புச் சொன்னார். இருப்பதிலேயே சின்ன பிளான், மாசத்துக்கு இவ்வளவு டேட்டாதான் என்று அளவு வைத்தது, அதை எடுத்தார். வாரத்துக்கு ஒரு தடவை பேச அது தாராளம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் திரையில் வந்தார். கழுத்தைச் சுற்றி மெல்லிய துணி. கன்னம் ஒட்டியிருந்தது. அக்காவைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுப் போர்டில் எழுதிக் காட்டினார்: "கிழவி ஆயிட்டே."

"ஆமா, நீ மட்டும் என்ன, குமரனா?" என்று அக்கா கத்தினார். கத்திக்கொண்டே அழுதார். கிணற்றடி வழக்கு மறுவிசாரணைக்கு வந்தது. அண்ணன் வேகமாக எழுதுவதும் கையாலேயே அழிப்பதுமாக இருந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

இப்படிச் சில ஞாயிறுகள் நன்றாகப் போயின. பிறகு ஒருநாள் அண்ணன் மகள் சொன்னாள். "அத்தை, உங்க லைன் சரியில்ல போலிருக்கு. வார நடுவுல அப்பா தனியா கூப்பிட்டா கிடைக்கறதே இல்லையாம்." அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு போர்டைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அக்கா நேராகத் தெருமுனைக்குப் போனார். கேபிள்காரர் வந்தார், பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். அடுத்த வாரமும் அதே புகார். மறுபடி வந்து வயரை மாற்றினார். அதற்கடுத்த வாரம் பெட்டியையே மாற்றினார். அவர் வரும்போதெல்லாம் நெட் ஜம்மென்று ஓடும். போனதும் அண்ணனுக்குக் கிடைக்காது.

"லைன்ல குறையே இல்லம்மா!" என்று அவர் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது.

"அப்போ எங்க அண்ணன் பொய் சொல்றாரா?" என்று அக்கா கேட்டதும் கேட்டது. இவர் விடாக்கண்டர், அவர் கொடாக்கண்டர்.

அந்த ஞாயிறு அண்ணன் எழுதிக் காட்டினாராம்: "விடு. ஞாயிறு மட்டும் போதும்." அதை என்னிடம் வந்து சொன்னபோது அக்கா குரலில் சுரத்தே இல்லை. "போதும்னு எழுதற ஆளில்ல அவரு. எதுலயும் எங்க அண்ணன் போதும்னு சொல்லி நான் பார்த்ததில்ல. இந்த லைன நிறுத்திட்டு வேற பார்க்கணும்."

இரண்டு நாள் கழித்து அக்காவுக்கு வந்த கூரியரை என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார்கள். மத்தியானம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சுவரோரத்தில் நெட் பெட்டிக்கு அழகாக ஒரு துணி உறை தைத்துப் போட்டிருந்தார். உறையைத் தூக்கிப் பார்த்தேன். உள்தையல்கூட நேர்த்தி. ஆனால் பெட்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை.

"அக்கா, இது ஏன் அணைஞ்சு கிடக்கு?"

"ஞாயித்துக்கிழமையே பேசியாச்சே," என்றார் சாவகாசமாக. "அன்னிக்குப் போட்டுக்குவேன், கேபிள்காரன் வந்தா போட்டுக் காட்டுவேன். பேசாத நேரத்துல எதுக்கு எரியணும்?"

எனக்கு வந்ததே கோபம்! "ஐயோ அக்கா! கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைஞ்சீங்களே! இது எரிஞ்சாத்தானே அவர் கூப்பிடறது உங்களுக்கு வரும்? பாவம் அந்தக் கேபிள்காரர், பெட்டியே மாத்தினாரே!"

அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பழைய போன் மாதிரி தானா மணி அடிக்கும்னு இருந்தேன். அப்போ அண்ணன் கூப்பிட்டப்பல்லாம்... நான்தான் அணைச்சு வெச்சிருந்தேனா?"

இன்னும் நாலு வார்த்தை என் வாயில் தயாராக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டேன். கிளினிக் வேலைக்கு வந்த பிறகு நான் விழுங்கியது அது ஒன்றுதான்.

அக்கா எழுந்து போய் சுவிட்சைப் போட்டார். போட்ட விரலை உடனே எடுக்கவில்லை. பெட்டியில் ஒவ்வொரு விளக்காக வந்தது. டேப்லெட்டைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து நிறுத்திவிட்டு எதிரே உட்கார்ந்தார். எனக்கும் கிளம்ப மனம் வரவில்லை. நாலு மணி சுமாருக்கு அது மணி அடித்தது.

திரையில் அண்ணன் மட்டும். மகள் வேலைக்குப் போயிருந்தாள். எடுப்பார்கள் என்று எதிர்பார்த்துக் கூப்பிட்ட முகமாக இல்லை அது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கையில் போர்டு இல்லை, போய் எடுத்து வரவும் இல்லை.

"லைன் நல்லாத்தாண்ணா இருந்துது," என்றார் அக்கா. "நான்தான் அணைச்சு வெச்சிட்டேன். தினம் இந்நேரம் கூப்பிட்டியா?"

அண்ணன் விரலை மடக்கி எதிரிலிருந்த மேசையைத் தட்டினார். டொக்.

அதற்குப் பிறகு அந்த சுவிட்சை அக்கா தொடுவதில்லை. மத்தியானம் எப்போது போனாலும் டேப்லெட் ஜாடியில் சாய்ந்து நிற்கும். இந்தப் பக்கம் அக்கா துணி மடிப்பார், திருப்பிப் போட்டுத் தையல் பார்ப்பார். அந்தப் பக்கம் அண்ணன் பேப்பர் படிப்பார், சில நாள் நாற்காலியிலேயே தூங்குவார். வீட்டில் இன்னொரு ஆள் உட்கார்ந்திருப்பதால் நானும் உள்ளே போகும்போது தலைமுடியை ஒதுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மாசம் முடியவில்லை, நெட் நின்றுவிட்டது. அக்கா தெருமுனைக்குக் கிளம்பினார். சண்டையைத் தவறவிடக்கூடாது என்று நானும் கூடப் போனேன். கேபிள்காரர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுகொண்டார்.

"லைன்ல குறையில்லப்பா. குறை என்கிட்டதான் இருந்துது, மனசுல வெச்சுக்காத," என்றார் அக்கா. "அளவு வெக்காத பிளான் ஒண்ணு போட்டுக் கொடு."

கேபிள்காரர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். "வாரத்துக்கு ஒரு தடவை, ஒரே ஒரு ஆளோட பேசத்தான்னு சொன்னீங்க. மொத்த டேட்டாவும் தீர்ந்திருக்கேம்மா! அப்படி என்னதான் பேசறீங்க?"

"ஒண்ணும் பேசலப்பா," என்றார் அக்கா. "சும்மா இருக்கோம்."