ஊசிக்கு முருங்கைக்காய்

இன்று காலை சட்டையில் கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினேன். எங்கள் பேங்கில் சம்பள உயர்வுப் போராட்டம்.

அப்போதுதான் ஸ்டெல்லா சிஸ்டர் அப்பாவுக்கு ஊசி போட வந்தார். ஆஸ்பத்திரியில் அவருடைய சர்வீஸ் என் சர்வீஸைவிட அதிகம். சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவில் யாருக்கு ஊசி என்றாலும், நைட் டியூட்டி முடிந்து வரும் வழியில் அவர்தான் போடுவார். கண்ணாடி சிரிஞ்சை ஸ்டவ்வில் கொதிக்கவைத்துக் காத்திருப்போம். காசு கொடுக்கும் வழக்கமில்லை. என் மனைவி கொல்லையிலிருந்து முருங்கைக்காய் பறித்துக் கொடுப்பாள்.

பேட்ஜைப் பார்த்துவிட்டு, "என்ன சார், யாராவது தவறிட்டாங்களா?" என்றார்.

"இல்ல சிஸ்டர். அனுபவத்துக்கு ஏத்த சம்பளம் கேக்கறோம்."

"அப்ப எனக்கும் ஒண்ணு குத்தி விடுங்க."

நான் சிரித்தேன். "உங்களுக்கு எதுக்கு சிஸ்டர்? நீங்க செய்யறது சேவையாச்சே!"

அவர் சிரிக்கவில்லை. ஊசியைப் போட்டார். மனைவி நீட்டிய முருங்கைக்காயை மட்டும் வாங்கவில்லை.

"வேணாம்மா. எல்லா வீட்டுலயும் இதையேதான் குடுக்கறாங்க."

தாம்பரத்தில் ரயில் ஏறியதும் பேட்ஜைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டேன். சாயங்காலம் சங்கக் கூட்டத்தில் உழைப்புக்கேற்ற ஊதியம் பற்றிப் பேச வேண்டியவன் நான்தான்.

எனக்குப் பதிலாக யாராவது பேசுகிறீர்களா? முருங்கைக்காய் தருகிறேன்.