மூடி இல்லாத பாய்லர்

எங்கள் மாமி சாரா பீவிக்குப் பேய் என்றால் பயமில்லை, பாம்பு என்றாலும் பயமில்லை. கயிற்றைத் திரித்துப் பாம்பு மாதிரி அவள் வழியில் போட்டுப் பார்த்திருக்கிறேன். "வால் கோணலா இருக்குடி, சரியாத் திரி" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போனாள். அவள் பயந்தது ஒரே ஒரு சொல்லுக்குத்தான். பாய்லர்.

மாமி என்றால் அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, அக்கா. பதினாறு வயதில் லால்குடிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். மீரான் மாமாவுக்கு அங்கே நெல் மில்லில் பாய்லருக்கு உமி தள்ளுகிற வேலை. ஆவி மிஞ்சிப் போனால் தானாகத் திறந்துகொள்ள அந்தப் பாய்லரின் தலையில் ஒரு வாய் உண்டாம். அறுவடை நாளில் நெல் மலையாகக் குவிந்துவிட்டது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று மேஸ்திரி அந்த வாயின் மேல் ஒரு கல்லை ஏற்றிவிட்டான். மத்தியானம் மாமி சோற்றுத் தூக்கோடு மில்லுக்குப் போய்ச் சேர்ந்தபோது கூரை இல்லை. மாமாவும் இல்லை.

அதன்பிறகு திருச்சியில் தர்காவுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பதினேழு வருஷமாக இந்த வீட்டு வெந்நீர் அவள் பொறுப்பு. அத்தா விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளு செய்ய வெந்நீர், பிள்ளை பெற்று வந்த என் அக்காவுக்கு நாற்பது நாளும் வெந்நீர், அம்மாவின் மூட்டு வலிக்கு வெந்நீர். கொல்லையில் மண் அடுப்பு, மேலே செப்பு அண்டா, கீழே காயாத புளிய விறகு. மாமி ஊதாங்குழலும் கையுமாகப் புகைக்குள் உட்கார்ந்திருப்பாள். விறகு ஒரு பங்கு எரிந்தால் மாமி மூன்று பங்கு இருமுவாள்.

அந்த இருமலை நான் அச்சாக நடித்துக் காட்டுவேன். கதவுக்குப் பின்னால் நின்று இருமினால், "மாமி கூப்பிடுறாங்க பாரு" என்று அம்மா எழுந்து ஓடுவாள். போன மழைக்காலத்தில் என்னால் நடிக்க முடியவில்லை. அவ்வளவு நீளத்துக்கு எனக்கு மூச்சு இல்லை.

டாக்டர் அத்தாவிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "இந்தம்மா இன்னொரு மழைக்கு அந்தப் புகையில உட்கார்ந்தா, அப்புறம் எங்கிட்ட கூட்டிட்டு வர வேண்டியதில்லை."

அத்தா ஜெகபர் அலி பெரிய கடைவீதியில் குடைக் கடை வைத்திருக்கிறார். கடையைப் பாதியில் சாத்திவிட்டு மூன்று நாள் பாத்திரக் கடைகளைச் சுற்றினார். புகைக்கூண்டு கட்டலாமென்றால் கொல்லைச் சுவர் பக்கத்து வீட்டுக்காரருடையது. மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒரு செம்பு தண்ணீருக்குத்தான் லாயக்கு. கடைசியில் இடுப்பளவு உயரத்தில், குழாய் வைத்த செப்புப் பாத்திரம் ஒன்றைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"நடுவுல இந்தக் குழல்ல கரியைப் போட்டா, சுத்தி நிக்கிற தண்ணி கொதிக்கும்க்கா. புகையே வராது."

"இதுக்குப் பேரு என்ன தம்பி?"

அத்தா முழித்தார். "வெந்நீர்ப் பாத்திரந்தான்க்கா."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "பாய்லர் மாமி! பாய் வீட்டுக்கு வந்ததால பாய்லர். ஐயர் வீட்டுக்குப் போயிருந்தா ஐயர்லர்!"

யாரும் சிரிக்கவில்லை. மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து பாய்லர் கொல்லையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றது. மாமி அதற்கு முதுகைக் காட்டியபடி பழைய அடுப்பையே ஊதினாள். அத்தா கெஞ்சிப் பார்த்தார், அதட்டியும் பார்த்தார். வேண்டாமென்றால் வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தரலாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அடுப்பு பற்றுவதற்கு முன்னாலேயே பாய்லர் தண்ணீர் கொதித்துவிட்டால் மாமி மனம் மாறிவிடுவாள். எதையும் ஆவி போகாமல் அடைத்துச் சீக்கிரம் வேகவைக்க எங்கள் வீட்டில் தெரிந்த ஒரே வழி தம் போடுவது. கோதுமை மாவைப் பிசைந்தேன். பிரியாணி தேக்சாவுக்கு ஒட்டுவது போலப் பாய்லரின் தண்ணீர் வாய் மூடியைச் சுற்றி ஒட்டினேன். மேலே பாரத்துக்கு அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தேன். ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தாமல் இருந்திருந்தால் ஆவியைப் பற்றி ஏதாவது படித்திருப்பேனோ என்னவோ. ஆனால் கல்லின் கதையை நூறு தடவை கேட்டவள் நான். அதற்குப் படிப்பு வேண்டியதில்லை.

கரி கனன்றது. கொஞ்ச நேரத்தில் பாய்லர் முனக ஆரம்பித்தது. எனக்கு ஒரே குஷி.

உள்ளே மீன் கழுவிக்கொண்டிருந்த மாமிக்கு அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. செதில் ஒட்டிய கையோடு ஓடி வந்தாள்.

"யாருடி கல்ல வச்சது?"

நான் குழவியை எடுக்கப் போனேன். "தொடாதே!" என்று என்னைப் பிடித்துத் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் தள்ளினாள். வெளியே ஓடுவாள் என்று நினைத்தேன். அவள் பாய்லரிடம் போனாள். போய் அடியில் இருந்த குழாயைத் திருகித் திறந்தாள். ஆவியும் கொதிநீருமாகச் சீறி அவள் வலது கையில் முழங்கை வரைக்கும் அடித்தது. முனகல் அடங்கும் வரை அவள் குழாயை விட்டுக் கையை எடுக்கவில்லை.

சேதி கேட்டு அத்தா கடையிலிருந்து ஓடி வந்தார். "யார் பண்ண வேலை இது?"

"நாந்தான் தம்பி. பழக்கமில்லாம மூடிட்டேன்" என்றாள் மாமி.

"இல்ல அத்தா, நான்" என்றேன். அடி விழுந்தது. அது எனக்கு உறைக்கவே இல்லை. அம்மா வெந்த கையில் தேனைத் தடவியபோது மாமி என்னைப் பார்த்துச் சொன்னதுதான் உறைத்தது.

"அந்த மேஸ்திரிக்கும் உனக்கும் ஒரே அவசரம்டி."

"நாளைக்கே இதைக் கடையில தூக்கிப் போட்டுட்டு வரேன்" என்றார் அத்தா.

"வேணாம்" என்றாள் மாமி. ஒரு பாட்டம் இருமி முடித்தாள். "இருக்கட்டும். மூடிய மட்டும் எங்கிட்ட குடுத்துடு."

மூடி இப்போது மாமியின் தகரப் பெட்டியில், மாமாவின் பழைய கைலிக்குள் சுற்றி இருக்கிறது. வாயைத் திறந்து வைத்த பாய்லர் கூடுதலாகக் கரி தின்கிறது, காற்றடித்தால் வேப்பிலையும் விழுகிறது. ஆனால் புகையில்லை. இருமல் பாதியாகக் குறைந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை. மாமியின் வலது கை விரல்களில் இரண்டு மடங்குவதில்லை.

கரி போடுவது இனி என் வேலை. தண்ணீர் கொதிக்கும் வரை மாமி உட்காரமாட்டாள். சமையற்கட்டு வாசலில் நின்றுகொண்டு தினமும் அதே கேள்வியைக் கேட்பாள்.

"வாய் திறந்திருக்கா?"

"திறந்திருக்கு மாமி."

மற்ற எல்லாவற்றிலும் விளையாடுவேன். இதில் மட்டும் ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்த்த பிறகுதான் பதில் சொல்கிறேன்.