பிரியாணி வாசனையில் முடிந்த பாட்டு

கோவிந்தாபுரத்தில் செருப்புக் கடை வைத்திருக்கும் நஜீம் பாய், பதினைந்து வருடமாகக் கல்யாண விருந்துகளில் தனியாகவே கீபோர்டு வாசிக்கிறார். தனியாக என்றால் நிஜமாகவே தனியாக! இடது கையால் மூன்று கட்டையை அமுக்கினால் போதும், டிரம்ஸ், பேஸ், கிடார் எல்லாம் பெட்டிக்குள்ளிருந்தே கிளம்பி வரும்.

ஆனாலும் அவருக்கு ஓர் ஆசை. ஜோமோளின் பாட்டுக் குழுவில் சேர்ந்து, நாலு பேரோடு மேடையில் வாசிக்க வேண்டும். போன மாதம் கொல்லங்கோட்டு மண்டபத்தில் அதற்கு வாய்ப்பு வந்தது.

"இன்னிக்கு வாசிச்சுக் காட்டுங்க பாய். நல்லா இருந்தா நீங்க நம்ம ஆளு," என்றாள் ஜோமோள். டிரம்ஸில் ராக்கப்பன்.

முதல் பாட்டு பிரமாதம்! இரண்டாவது பாட்டில் ஜோமோள் பாதிச் சரணத்தில் இருந்தபோது, பின்னாலிருந்து பிரியாணி வாசனை வந்தது.

நஜீம் பாய்க்கு ஒரு பழக்கம். அண்டா மூடியைத் திறந்தால் கூட்டம் எழுந்து ஓடிவிடும். அதனால் வாசனை வந்ததுமே 'எண்டிங்' பொத்தானை அமுக்கி மரியாதையாக முடித்துக்கொள்வார். அன்றும் விரல் தானாகப் போய்விட்டது.

டம டம டிஷ்ஷ்ஷ்! பெட்டி பிரமாண்டமாக முடித்தது. ராக்கப்பனும் பதறிப்போய்க் கூடவே முடித்தார். ஜோமோள் மட்டும் திறந்த வாயோடு நின்றாள். சபை கைதட்டிவிட்டுப் பந்திக்கு ஓடியது.

பந்தி அறை வாசலில் சமையல் மாஸ்டர் மறித்தார். "எங்கீங்க வர்றீங்க? வெந்துச்சான்னு பாக்கத்தான் மூடியத் தூக்குனேன். இன்னும் அரை மணி நேரம் ஆவுமுங்க!"

"பாய், உங்க மூக்கு நல்லா வாசிக்குதுங்க," என்றார் ராக்கப்பன். "கை எப்படின்னு பாக்கலாம். அந்தப் பெட்டி டிரம்ஸ அமத்துங்க. நான் ஒருத்தன் இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கறனல்லங்க?"

நஜீம் பாய் அணைத்தார். மூன்று கட்டை மட்டுமே தெரிந்த இடது கை, முதல்முறையாக வேலைக்குப் போனது. ஓரிடத்தில் தடுமாறியது. ராக்கப்பன் அடியைக் குறைத்து, அது வந்து சேரும்வரை காத்திருந்தார். பெட்டி என்றைக்காவது காத்திருக்குமா! காலித் தட்டோடு நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

முடிந்ததும் ஜோமோள் வந்தாள். "ஞாயித்துக்கிழமை சித்தூர்ல பரிபாடி இருக்கு. வாசிக்க வந்துருங்க பாய்."

நஜீம் பாய் சட்டென்று எழுந்து நின்றார். "என்ன... என்னங்க கொண்டு வரணும்?"

"ஒண்ணும் வேண்டாம். சாப்பிட்டுட்டு மட்டும் வாங்க!"