ரத்னாக்கா அமுக்கினால் மட்டும் நிற்காத தறி

ஊருக்கெல்லாம் முகம் காட்டும் நிரல் பிழை, அந்த நிரலை எழுதியவன் வந்தால் மட்டும் ஒளிந்துகொள்ளும். அதைத் தேடிப் பிடிப்பதுதான் என் தொழில். கம்ப்யூட்டரின் அடிமட்ட நிரலான கெர்னலோடு மல்லுக்கட்டும் சக நோயாளிகளே, இதைப் படித்துவிட்டு 'நமக்கும் இப்படித்தான்' என்று நாலு பேர் சொன்னாலும் எனக்கு ஆறுதல்தான்.

பட்டன் தேய்ந்தது

மைசூரில் எங்கள் சின்ன ஆபீசில் பட்டுத்தறிக்கு கன்ட்ரோலர் செய்கிறோம். டிசைனின் எந்த வரியில் எந்த இழையைத் தூக்க வேண்டும் என்று அது சொல்லும், தறி கேட்கும். கொள்ளேகாலில் மாதப்பன் என்பவரின் தறிக்கூடத்தில் ஒரு தறி நாலு மாதமாக வினோதம் காட்டியது. ஸ்டாப் பட்டனை அமுக்கினால் திரை உறைந்துவிடும், தறி நிற்காது. மெயினை அணைப்பதற்குள் ஒரே வரி திரும்பத் திரும்ப விழுந்து, புடவையில் பூவெல்லாம் கோடாகிவிடும்.

அதே மாதிரி கன்ட்ரோலரை மேஜையில் வைத்து, நானும் உடன் வேலை பார்க்கும் சைத்ராவும் மூன்று நாள் மாறி மாறி அமுக்கினோம். ஒருமுறைகூட உறையவில்லை. கட்டைவிரலை ஊதிக்கொண்டே சைத்ரா தன் கன்னடம் கலந்த தமிழில் சொன்னாள்: "ஏனோ இது! பட்டனே தேஞ்சு போச்சு, நம்ம பாக்ஸுக்கு ஒண்ணும் ஆகல. ப்ராப்ளம் அவங்க ஊர்லதான் கணோ."

எட்டிப் பார்த்தால் சாது

பஸ் பிடித்துக் கொள்ளேகால் போனேன். எந்த இடத்தில் உறைகிறது என்று பார்க்க, நிரலில் நாலைந்து இடங்களில் 'இங்கே வந்துவிட்டேன்' என்று செய்தி எழுத வைத்தேன். அவ்வளவுதான், அன்று முழுக்கத் தறி தங்கமாக ஓடியது. செய்தியை எடுத்தேன்; மதியச் சாப்பாட்டுக்குள் உறைந்தது. மறுபடி வைத்தேன், சாது. செய்தி எழுத ஆகும் துளி நேரத்தில் ஏதோ ஒன்று தள்ளிப்போகிறது என்பது வரைக்கும் புரிந்தது. எது தள்ளிப்போகிறது என்றுதான் தெரியாமல் தலை சுற்றியது. மாதப்பனுக்குச் சுற்றவில்லை: "அப்புறம் எதுக்குங்க சார் அதைப் புடுங்கறீங்க? அது பாட்டுக்குக் காவலுக்கு இருக்கட்டுமுங்க."

கையெழுத்துப் போட்டவன் நான்

அந்தத் தறியை ஓட்டுபவர் ரத்னாக்கா. அவருக்குப் பதிலாக வேறொருவரை நிறுத்திப் பார்த்தோம். ஒரு வாரம் உறையவே இல்லை. அவர் திரும்பி வந்த அன்றே உறைந்தது. அவரைப் பக்கத்துத் தறிக்கு மாற்றினோம், அதுவும் உறைந்தது. குழம்பிக் கிடந்தவனுக்கு இது போதாதா? ரிப்போர்ட்டில் 'இயக்குபவரின் கைத்தவறு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

மாதப்பன் அதைப் படித்துவிட்டு, திங்கள் முதல் ரத்னாக்கா தறியை விட்டு, குச்சியில் நூல் ஏற்றும் தார் சுற்றலுக்குப் போகட்டும் என்றார். அது புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கும் வேலை. ரத்னாக்கா சண்டைக்கு வரவில்லை. என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "எப்படி அமுத்தோணும்னு நீங்களே காமிச்சுக் குடுங்க சார், அப்படியே அமுத்தறேன்."

உள்ளேயும் அவனே, வெளியேயும் அவனே

அவர் எப்படி அமுக்குகிறார் என்றே நான் அதுவரை பார்த்திருக்கவில்லை. சனிக்கிழமை காலை முழுவதும் அவர் கையை மட்டுமே பார்த்தேன். ஊடை நூலோடு இப்படியும் அப்படியும் ஓடும் நாடா, ஓரத்துப் பெட்டிக்குள் வந்து சேரும் கணத்தில்தான் அவர் ஸ்டாப்பை அமுக்குகிறார். நாடா நடுவில் நின்றால் இழை அறுந்துவிடும் என்பதற்காக அப்படி. முன்னே பின்னே என்பதே கிடையாது. நானும் சைத்ராவும் அவருக்குப் பதிலாக நின்றவரும் தோன்றியபோது அமுக்கியவர்கள்.

அதே கணத்தில்தான் என் நிரல் டிசைனின் அடுத்த வரியை எடுக்கிறது. யாரும் குறுக்கே கை வைக்கக் கூடாது என்று ஒரு பூட்டும் போட்டுக்கொள்கிறது. ஸ்டாப் பட்டனோ இன்டரப்ட். நடக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு 'முதலில் என்னைக் கவனி' என்று நுழைவது. நுழைந்ததும் அதற்கும் அதே பூட்டு வேண்டும். இரண்டு வேலையையும் பார்ப்பது ஒரே கோர், சிப்பில் கணக்குப் போடும் ஒரே மூளை. கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருப்பவனும், திறக்கட்டும் என்று வெளியே நிற்பவனும் ஒரே ஆள் என்றால் எந்தக் காலத்தில் திறப்பது? பூட்டும் முன் இன்டரப்டை அடைத்து, திறந்த பிறகுதான் விட வேண்டும். நான் பூட்டை மட்டும் போட்டிருந்தேன். செய்தி எழுத வைத்த நாட்களில் அந்தப் பூட்டு ஒரு துளி தள்ளிப்போய் ரத்னாக்காவின் விரலுக்குத் தப்பியிருக்கிறது. ஃபோனில் சொன்னதும் சைத்ரா கேட்டாள்: "அய்யோ, இது முதல் வருஷப் பாடம் கணோ! யார் எழுதினது? நீதானே?"

திங்கள்கிழமை

திருத்திய நிரலோடு முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். ரத்னாக்கா அதற்குள் தார் சுற்றும் பக்கம் நின்றிருந்தார். ரிப்போர்ட் தப்பு, தப்பு என்னுடையது என்று மாதப்பனிடம் சொன்னேன். அக்காவைத் தறிக்கு அழைத்து வந்தோம். முதல் தடவை பயந்துபோய்த் தாமதித்து அமுக்கினார்; நாடா நடுவில் நின்று இழை அறுந்தது. "பழையபடியே அமுத்துங்கக்கா" என்றேன். அமுக்கினார், நின்றது. மதியம் வரை அமுக்கிக்கொண்டே இருந்தார், ஒவ்வொரு தடவையும் நின்றது. பிறகு வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நாலு மாசமா இந்தக் கையத்தானுங்க சார் வைஞ்சுட்டு இருந்தேன். கை நல்லாத்தான் இருந்திருக்குதுங்க."

திருத்தியது இரண்டே வரி; அவை எங்கே இருக்கின்றன என்று எனக்குப் புரிய, ஒருவர் நாலு மாதம் சரியாக வேலை செய்து திட்டு வாங்க வேண்டியிருந்தது.