உடைக்கிற அக்கா

எங்கள் ஆய்வகத்தில் கான்கிரீட் கட்டிகளை உடைத்துப் பார்ப்பது அவள் வேலை. "உடைக்கிற அக்கா" என்றுதான் கூப்பிடுவோம். பக்கத்து மேசையில் மணல் சலிப்பவன் நான்.

கட்டடத்துக்குப் போடும் கலவையிலேயே சில கட்டிகள் வார்த்து, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, இயந்திரத்தில் நசுக்குவோம். எந்த எடையில் நொறுங்கியது என்று அவள் எழுதுவாள். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்திலிருந்து வந்த கட்டிகள் மட்டும் ஒவ்வொரு முறையும் பாறையாக நின்றன.

"இது நமக்காகவே தனியா சமைச்சது" என்றாள் அக்கா. மறுநாளே அச்சுகளோடு அங்கே போய், தூணுக்குள் கொட்டிக்கொண்டிருந்த கலவையை அள்ளித் தன் கையாலேயே ஆறு கட்டி வார்த்துவந்தாள்.

அந்தக் கட்டடத்தின் ஒப்பந்தக்காரர் அவள் பின்னாலேயே ஆய்வகத்துக்கு வந்தார். "சோதனைங்கறது சும்மா பேருக்குத்தானேம்மா?"

"முடிவை முதல்லயே எழுதி வச்சுட்டா, அதுக்குப் பேரு சோதனை இல்ல சார். காப்பியடிக்கிறது."

வீட்டில் மாமியார் தலையிலடித்துக்கொண்டாராம். "பால் திரிஞ்சாலே சோதனைன்னு புலம்புறோம். நீ வேற ஒண்ணை வெலைக்கு வாங்கிட்டு வர்றியே!"

"அதெல்லாம் நமக்கு வர்ற சோதனை அத்தை. இது நான் செய்யற சோதனை" என்றிருக்கிறாள்.

இருபத்தெட்டாம் நாள், முதல் கட்டி பாதி எடைகூடத் தாங்காமல் பொலபொலவென்று உதிர்ந்தது. எங்கள் ஆய்வக மேலாளர் ஓடிவந்தார்.

"மெஷின்ல கோளாறும்மா. பழைய அளவையே எழுதிடு."

"கோளாறா? பார்த்துடலாமே." ஒப்பந்தக்காரர் அனுப்பியதில் மிச்சமிருந்த ஒரு கட்டியை அதே இயந்திரத்தில் வைத்தாள். அசையாமல் நின்றது. பிறகு தன்னுடைய மீதி ஐந்தையும் வைத்தாள். ஐந்தும் உதிர்ந்தன.

"நீ எழுதலன்னா நான் எழுதறேன்" என்றார் மேலாளர்.

"எழுதுங்க. கையெழுத்தையும் நீங்களே போடுங்க." பேனாவை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. உடைந்த எடையை அவளே பதிவேட்டில் எழுதினாள். கீழே சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவன் நான்.

அந்தக் கலவை கொட்டிய தூண்களை இடித்துவிட்டுப் புதிதாக எழுப்பினார்கள். அக்காவை எங்கள் நிறுவனத்தின் கிடங்குக்கு மாற்றினார்கள். தண்டனைதான். போன முதல் வாரமே, கெட்டிதட்டிப்போன நாற்பது சிமெண்ட் மூட்டைகளை வந்த லாரியிலேயே திருப்பி அனுப்பினாள்.